மழை வந்தால் ஜெயிப்பார்: பின்சக்கர ரேஸ் கார்களை அடக்கிய ருடால்ஃப் கராச்சியோலா யார்?

1926 ஜூலை 11. ஜெர்மனியின் முதல் கிராண்ட் பிரி பந்தயம். பெர்லினில் உள்ள ஆவுஸ் சாலையின் இரு பக்கமும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். கொடி அசைந்ததும் எல்லா கார்களும் சீறிக் கிளம்ப, வெள்ளை மெர்சிடிஸ் ஒன்று மட்டும் அசையாமல் நிற்கிறது. இன்ஜின் ஆஃப்.

காரில் இருந்த 25 வயது டிரைவர் ருடால்ஃப் கராச்சியோலா. அவரோடு பயணிக்கும் மெக்கானிக் ஆய்கன் சால்சர் கீழே குதித்துத் தள்ளுகிறார். இன்ஜின் ஒருவழியாக உயிர் பெறும்போது ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. முன்னால் போன கார்கள் கண்ணுக்கே தெரியவில்லை. பந்தயம் முடிந்த கதைதான் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழைதான் அவருடைய வாழ்க்கையையே மாற்றியது.

சுமார் 100 வருடங்களுக்கு முன்பு ஏ.பி.எஸ் இல்லை, டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லை, சீட் பெல்ட் இல்லை. டயர்கள் இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் ரொம்பவே மெலிசு. இன்ஜின் சக்தி முழுக்கப் பின்சக்கரங்களுக்குப் போகும். அப்படிப்பட்ட கார்களை மழையில் ஓட்டியே பெயர் வாங்கியவர் கராச்சியோலா. யார் இவர்? மற்றவர்கள் வழுக்கி விழுந்த இடத்தில் இவர் மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தார்? அந்தத் திறமைக்கு எல்லை எங்கே இருந்தது?

ஹோட்டல்காரர் மகன்

கராச்சியோலா பிறந்தது 1901 ஜனவரி 30-ல். ரைன் நதிக்கரையில் உள்ள ரேமாகன் என்ற சின்ன ஊர். பெற்றோர் அங்கே ஹோட்டல் நடத்தினார்கள். பெயர் இத்தாலியப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று கேட்டால், ஆமாம். பல தலைமுறைகளுக்கு முன்பு இத்தாலியின் நேப்பிள்ஸ் பகுதியிலிருந்து ஜெர்மனியில் குடியேறிய குடும்பம் அது.

பையனுக்கு ஹோட்டல் தொழிலிலும் ஆர்வமில்லை, காலேஜ் படிப்பிலும் ஆர்வமில்லை. சின்ன வயதிலிருந்தே கார்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு ஆகன் நகரில் இருந்த ஃபாஃப்னிர் கார் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அப்போது அந்த ஊர் பெல்ஜியப் படைகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. 1923-ல் ஓர் இரவு விடுதியில் நடந்த தகராறில் பெல்ஜிய ராணுவ அதிகாரி ஒருவரை இவர் அடித்துவிட்டார். அதற்கு மேல் அந்த ஊரில் இருக்க முடியுமா? ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்து, டிரெஸ்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதே ஆண்டு கடன் வாங்கிய ஒரு குட்டி ஈகோ காரில் பெர்லினில் ஒரு பந்தயத்தை ஜெயித்தார். அந்த வெற்றியோடு மெர்சிடிஸ் கார்களைத் தயாரித்த டைம்லர் நிறுவனத்தின் கதவைத் தட்டினார். ரேஸ் டிரைவர் வேலை கேட்டால், கிடைத்தது சேல்ஸ்மேன் வேலை. டிரெஸ்டன் ஷோரூமில் கார் விற்க வேண்டும், வார இறுதிகளில் பந்தயம் ஓட்டலாம். இரண்டையும் நன்றாகவே செய்தார்.

ஆவுஸில் அன்று என்ன நடந்தது?

1926 பந்தயத்துக்கு டைம்லர் நிறுவனம் அதிகாரப்பூர்வ அணியை அனுப்பவில்லை. அதன் கவனம் ஸ்பெயின் பந்தயத்தின் மீது இருந்தது. கராச்சியோலா கேட்டுக்கொண்டதால், அவருக்கும் அடால்ஃப் ரோசன்பெர்கருக்கும் ஆளுக்கொரு காரைக் கொடுத்தது. ஆனால், இருவரும் தனிநபர்களாகத்தான் கலந்துகொள்ள வேண்டும்.

ஆவுஸ் என்பது ஏறக்குறைய 10 கி.மீ. நீளமுள்ள இரண்டு நேர் சாலைகள். இரண்டு முனைகளிலும் ஒரு வளைவு. ஒரு சுற்று 19 கி.மீ.-க்கும் மேல், மொத்தம் 20 சுற்று. நேர் சாலைதானே, என்ன கஷ்டம் என்று தோன்றலாம். ஈரமான நேர் சாலையில் முழு வேகத்தில் வந்து, முனையில் இருக்கும் வளைவுக்காக வேகத்தைக் குறைப்பதுதான் அங்கே மிகப் பெரிய ஆபத்து.

மழை வலுத்ததும் கார்கள் ஒவ்வொன்றாகத் தடுமாறின. ரோசன்பெர்கரின் கார் வடக்கு வளைவில் கட்டுப்பாட்டை இழந்து, பந்தய நேரம் குறிப்பவர்களின் அறை மீது மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். ரோசன்பெர்கரும் மெக்கானிக்கும் உயிர் தப்பினார்கள்.

கராச்சியோலா அந்த இடத்தை ஒவ்வொரு சுற்றிலும் கடந்துபோக வேண்டியிருந்தது. நடுவில் ஸ்பார்க் பிளக் கோளாறு வேறு. காரை நிறுத்தி, பிளக் மாற்றி, மறுபடி கிளம்பினார். நிமிடக் கணக்கில் நேரம் போனது. மழை, பனிமூட்டம், முன்னால் போகும் கார்கள் வாரியடிக்கும் தண்ணீர். தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. ரேடியோ இல்லாத காலம். ஒரே சீராக ஓட்டிக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

இறுதிக் கோட்டைத் தாண்டி நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. ஜெயித்தது அவர்தான்.

பரிசுத் தொகை 17,000 ரைஷ்மார்க். அந்தப் பணத்தில் பெர்லினின் பணக்காரத் தெருவான குர்ஃபூர்ஸ்டென்டாமில் சொந்தமாக கார் ஷோரூம் ஆரம்பித்தார். காதலி சார்லோட்டைக் கைப்பிடித்தார். ஜெர்மன் பத்திரிகைகள் அவருக்கு ரேகன்மைஸ்டர் என்று பெயர் வைத்தன. மழையில் கைதேர்ந்தவர் என்று பொருள்.

பின்சக்கர கார் மழையில் ஏன் வழுக்குகிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் அறிவியல் பார்த்துவிடலாம். அது புரிந்தால்தான் கராச்சியோலா செய்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

டயருக்கும் சாலைக்கும் நடுவே உள்ள பிடிமானத்தை மாதச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே தொகையிலிருந்துதான் பிரேக், திருப்பம், வேகம் என மூன்று செலவும் செய்ய வேண்டும். ஒன்றுக்கு அதிகம் செலவழித்தால் இன்னொன்றுக்கு மிஞ்சாது. மழை பெய்தால் சம்பளமே வெட்டு. ஆனால், செலவு மட்டும் அப்படியே இருந்தால்? கார் வழுக்கும்.

ரியர் வீல் டிரைவ் எனப்படும் பின்சக்கர இயக்கத்தில், முன்சக்கரங்கள் திருப்பும் வேலையையும் பின்சக்கரங்கள் தள்ளும் வேலையையும் பிரித்துக்கொள்கின்றன. காய்ந்த சாலையில் இது அருமையான ஏற்பாடு. ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் இன்றும் இதை விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

சிக்கல் ஈரத்தில். வளைவில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அதிகமாக மிதித்தால், பின்சக்கரங்கள் பிடிமானத்தை இழந்து சும்மா சுழலும். காரின் பின்பக்கம் வெளியே இழுத்துக்கொண்டு போகும். இதற்கு ஓவர்ஸ்டியர் என்று பெயர். உடனே திருத்தாவிட்டால் கார் பம்பரமாகச் சுற்றிவிடும்.

பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் சரியாகிவிடுமா? அதுவும் ஆபத்துதான். அப்போது காரின் எடை முன்பக்கம் சாயும். பின்சக்கரங்களின் மேல் இருக்கும் பாரம் குறையும். ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கும் பின்பக்கம் இன்னும் லேசாகி, முழுசாக வழுக்கிவிடும். ஆக மிதிப்பதும் மெதுவாக, எடுப்பதும் மெதுவாக. வலது காலுக்குப் பொறுமை தெரிந்திருக்க வேண்டும்.

கராச்சியோலாவின் ஆரம்பகால மெர்சிடிஸ் எஸ், எஸ்.எஸ்., எஸ்.எஸ்.கே. வகை கார்களில் இன்னொரு சங்கதியும் உண்டு. அவற்றில் சூப்பர்சார்ஜர் எப்போதும் இயங்காது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தினால்தான் அது உயிர் பெறும். அந்த நொடியில் இன்ஜின் சக்தி திடீரென்று எகிறும். ஈரச் சாலையில் அந்தக் கடைசி அழுத்தத்தை எப்போது கொடுப்பது, எப்போது கொடுக்காமல் இருப்பது என்பதில்தான் வெற்றியும் விபத்தும் பிரியும்.

கராச்சியோலாவின் ஸ்டைல் பார்ப்பதற்குப் பரபரப்பாக இருக்காது. கார் அலைபாயாது, புழுதி பறக்காது. பிரேக், ஸ்டீயரிங், ஆக்ஸிலரேட்டர் எதிலும் வெடுக்கென்ற அசைவு கிடையாது. காய்ந்த சாலையில் அவரைவிட வேகமாக ஓட்டியவர்கள் இருந்தார்கள். ஈரச் சாலையில் அந்த நிதானம்தான் வேகமாக மாறியது.

கனமான கார், லேசான கால்

அதிர்ஷ்டத்தில் ஒரு தடவை ஜெயிக்கலாம். கராச்சியோலா திரும்பத் திரும்ப ஜெயித்தார்.

1929 ஆகஸ்டில் வட அயர்லாந்தின் ஆர்ட்ஸ் சாலைகளில் டூரிஸ்ட் டிராபி பந்தயம். கிராமங்கள் வழியாகப் போகும் சாதாரணப் பொதுச் சாலைகள்தான் பந்தயப் பாதை. மொத்தம் ஏறக்குறைய 660 கி.மீ. சின்ன கார்களுக்கு முன்கூட்டியே சலுகை கொடுக்கும் ஹேண்டிகேப் முறை என்பதால், பெரிய மெர்சிடிஸில் வந்தவர் எல்லோரையும் துரத்திப் பிடித்தாக வேண்டும். கொட்டும் மழையில் அதைச் செய்து முடித்தார்.

1931-ல் உலகப் பொருளாதார நெருக்கடி. மெர்சிடிஸ் தன் ரேஸ் அணியை மூடிவிட்டது. ஆனாலும் கராச்சியோலாவை விட மனமில்லாமல், ஒரு எஸ்.எஸ்.கே.எல். காரையும் சிறு உதவிக் குழுவையும் ஏற்பாடு செய்தது. எடையைக் குறைக்க அந்த காரின் சட்டகம் முழுக்கத் துளை போட்டிருந்தார்கள். அப்படியும் எதிரணி புகாட்டி கார்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அது யானைதான். ஏழு லிட்டர் சூப்பர்சார்ஜ்டு இன்ஜின், சுமார் 300 குதிரைத்திறன்.

அந்த காரில் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தை ஜெயித்தார். சுமார் 1,600 கி.மீ. தூரத்தை மணிக்கு 100 கி.மீ.-க்கும் அதிகமான சராசரி வேகத்தில் கடந்தார். இத்தாலியர் அல்லாத ஒருவர் அங்கே ஜெயித்தது அதுதான் முதல் முறை.

அடுத்து ஜூலையில் நூர்பர்க்ரிங்கில் ஜெர்மன் கிராண்ட் பிரி. மழையோடு பந்தயம் தொடங்கியது. இலகுவான புகாட்டிகள் தடுமாறியபோது கராச்சியோலா முன்னால் போய்விட்டார். பிறகு பாதை காயக் காய லூயி ஷிரோன் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஆனால், மழையில் சேர்த்துவைத்த முன்னிலை போதுமானதாக இருந்தது. யானை ஜெயித்தது.

மொனாக்கோ சுவர்

1933-ல் கராச்சியோலாவும் ஷிரோனும் சேர்ந்து சொந்த அணி தொடங்கினார்கள். எதிரிகளாக ஓட்டியவர்கள் நண்பர்களானார்கள். முதல் முக்கியப் பந்தயம் மொனாக்கோ. ஏப்ரலில் பயிற்சி ஓட்டம். துறைமுகத்தை ஒட்டிய தபாக் வளைவை நோக்கி வரும்போது கராச்சியோலாவின் ஆல்ஃபா ரோமியோவில் பிரேக் கைகொடுக்கவில்லை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கல் சுவர். சுவரில் மோதினார்.

வலது தொடை எலும்பு பல இடங்களில் நொறுங்கியது. இத்தாலியில் மாதக் கணக்கில் சிகிச்சை. இறுதியில் வலது கால் இடது காலைவிட ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது. ரேஸ் டிரைவருக்கு வலது கால் என்றால் என்ன? ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் உணரும் கால். மழையில் அவரைக் காப்பாற்றி வந்த அதே கால்.

வலியோடு சுவிட்சர்லாந்தில் ஓய்வில் இருந்தபோது இன்னொரு இடி. 1934 பிப்ரவரியில் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குக்குப் போயிருந்த மனைவி சார்லோட் பனிச்சரிவில் சிக்கி இறந்துபோனார். கராச்சியோலா வெளியாட்களைச் சந்திப்பதையே நிறுத்திக்கொண்டார். ஓய்வு முடிவுக்கு வந்துவிட்டார் என்றே பலரும் நினைத்தார்கள்.

அவரை வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நண்பர் ஷிரோன். 1934 மொனாக்கோ பந்தயத்துக்கு முன்பு மரியாதைச் சுற்று ஒன்றை ஓட்ட கராச்சியோலாவைச் சம்மதிக்க வைத்தார்கள். கால் வலித்தது. ஆனால், ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் திரும்பி வர வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அதே ஆண்டு மெர்சிடிஸ் அணியில் சேர்ந்தார். மோன்சாவில் இத்தாலி கிராண்ட் பிரியில் கால் வலி தாங்காமல் நடுவில் காரை லூய்ஜி ஃபாஜியோலியிடம் கொடுத்துவிட்டார். அந்த காரே பந்தயத்தை ஜெயித்ததால் வெற்றி இருவர் பெயரிலும் பதிவானது.

1935-ல் அவர் ஐரோப்பிய சாம்பியன். உலக சாம்பியன்ஷிப் இல்லாத அந்தக் காலத்தில் அதுதான் உச்சபட்ச பட்டம். அந்த வருடம் ஜெயித்த பந்தயங்களில் ஒன்று, மழையில் நனைந்த சுவிஸ் கிராண்ட் பிரி.

அதே மொனாக்கோ, ஆனால் மழையில்

1936 ஏப்ரல் 13. சுவரில் மோதிய மூன்று வருடங்களுக்குப் பிறகு அதே மொனாக்கோ தெருக்கள். அன்று செம மழை. போதாததற்கு இன்னொரு வில்லன்: ஆல்ஃபா கார் ஒன்று எண்ணெய் ஒழுகவிட்டபடி ஓடியிருந்தது. மழைத்தண்ணீர், அதன் மேல் எண்ணெய். சுரங்கப் பாதையைத் தாண்டி வரும் திருப்பத்தில் இரண்டாவது சுற்றிலேயே கார்கள் ஒன்றின் மேல் ஒன்றாக மோதிக்கொண்டன. ஷிரோன், ஃபரினா, பிரவுக்கிட்ஷ் என்று பெரிய பெயர்கள் அங்கேயே அவுட். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ யூனியன் அணியின் இளம் நட்சத்திரம் பெர்ண்ட் ரோசமையரும் வெளியேறினார்.

குவியலைத் தாண்டிப் போன கராச்சியோலாவைப் பிறகு டாஸியோ நுவோலாரி முந்தினார். இத்தாலியின் மாபெரும் டிரைவர் அவர். கராச்சியோலா பதற்றப்படவில்லை. மொத்தம் 100 சுற்று. நுவோலாரியின் பிரேக்குகள் தேய்ந்து சோர்ந்ததும் முன்னிலை தானாகத் திரும்பி வந்தது. குட்டைக் காலோடு, தன்னை முடக்கிய அதே ஊரில், மழையில் ஜெயித்தார்.

வேகமான கார் வைத்திருந்ததால் கிடைத்த வெற்றி என்று இதைச் சொல்லிவிட முடியாது. அந்த சீசனில் மெர்சிடிஸ் கார் சொதப்பலாகத்தான் இருந்தது.

அடுத்த ஆண்டு வந்த டபிள்யூ 125 வேறு ரகம். 5.6 லிட்டருக்கும் மேற்பட்ட சூப்பர்சார்ஜ்டு இன்ஜின், 550 குதிரைத்திறனுக்கு மேல் சக்தி. காலி எடையோ விதிமுறைப்படி 750 கிலோவுக்குள். அத்தனை சக்தியும் இரண்டு மெல்லிய பின்டயர்கள் வழியாகச் சாலைக்குப் போக வேண்டும். அந்த காரில் 1937-ல் இரண்டாவது பட்டமும், 1938-ல் அடுத்த மாடலான டபிள்யூ 154-ல் மூன்றாவது பட்டமும் வென்றார். 1938 சுவிஸ் கிராண்ட் பிரியும் மழைதான். முன்னிலையில் இருந்த சக அணி வீரர் ரிச்சர்ட் சீமனை முந்திய கராச்சியோலா, நடுவில் ஹெல்மெட்டின் முகமறைப்பு பறந்துபோயும் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை.

மோசமான வானிலை என்றால் மழை மட்டுமா?

இல்லை. 1938 ஜனவரி 28 அதற்கு ரத்த சாட்சி.

அன்று காலை ஃபிராங்க்ஃபர்ட் - டார்ம்ஸ்டாட் நெடுஞ்சாலையில் வேக சாதனை முயற்சி. கராச்சியோலா, மெர்சிடிஸின் சிறப்பு காரில் மணிக்கு 432.7 கி.மீ. வேகத்தைத் தொட்டார். பொதுச் சாலையில் அது புதிய சாதனை. 2017 வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

போட்டி அணியான ஆட்டோ யூனியன் அன்றே பதிலடி கொடுக்க நினைத்தது. ரோசமையர் களமிறங்கினார். ஆனால், நேரம் போகப் போகக் காற்று வலுத்துக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் பக்கவாட்டுக் காற்று ஒரு காரை என்ன செய்யும்? சாலையின் ஓரம் மரங்கள் மறைக்கும் இடத்தில் காற்று தெரியாது. திறந்த வெளி வந்ததும் ஒரே அறையாக அறையும். ரோசமையரின் கார் நொடியில் கட்டுப்பாட்டை இழந்து சிதறியது. 28 வயதில் அவர் அங்கேயே இறந்தார்.

சில மணி நேர இடைவெளிதான். ஒரே சாலையில் ஒருவருக்கு சாதனை, இன்னொருவருக்கு மரணம். நடுவில் மாறியது வானிலை.

மழை மன்னன் காரை விட்டு இறங்கிய நாள்

கராச்சியோலாவின் கதையில் அதிகம் பேசப்படாத பந்தயம் ஒன்று உண்டு. 1939 ஜூன் 25, பெல்ஜியத்தின் ஸ்பா. கனமழை. லா சோர்ஸ் என்ற கூர்மையான வளைவில் கராச்சியோலாவின் கார் சுழன்று நின்றுவிட்டது. அவர் இறங்கினார். மற்ற கார்கள் மோதாத இடத்துக்குக் காரைத் தள்ளிவிட்டு, பந்தயத்திலிருந்து விலகினார். மழைக்கே பெயர் போனவர் மழையில் நடையைக் கட்டினார்.

அதே பந்தயத்தில் முன்னிலையில் இருந்தவர் சீமன். 26 வயது ஆங்கிலேயர். முந்தைய ஆண்டின் ஜெர்மன் கிராண்ட் பிரியை ஜெயித்தவர். முன்னிலையில் இருந்தும் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. ஈரத்தில் வழுக்கிய கார் மரத்தில் மோதித் தீப்பிடித்தது. அன்றிரவே அவர் இறந்துவிட்டார். அந்த நிலைமைக்கு அதிக வேகத்தில் போனது தன் தவறுதான் என்று மருத்துவமனையில் அவரே ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது.

அடுத்த மாதமே நூர்பர்க்ரிங்கில் மீண்டும் ஈரமான ஜெர்மன் கிராண்ட் பிரி. 38 வயது கராச்சியோலா ஜெயித்தார். அந்தப் பந்தயத்தில் அது அவருக்கு ஆறாவது வெற்றி. 1926-ல் மழையில் தொடங்கிய கணக்கு 1939-ல் மழையில் முடிந்தது. அதுதான் அவருடைய கடைசி கிராண்ட் பிரி வெற்றி. செப்டம்பரில் போர் மூண்டது.

வெள்ளிக் கார்களின் கறுப்புப் பக்கம்

இந்தக் கதையை வெறும் ஹீரோ கதையாக முடித்துவிட முடியாது. 1930-களில் மெர்சிடிஸ், ஆட்டோ யூனியன் கார்கள் ஐரோப்பா முழுக்க ஜெயித்ததன் பின்னால் ஹிட்லர் அரசின் பணமும் விளம்பர ஆசையும் இருந்தன. கராச்சியோலா நாஜிக் கட்சியின் உறுப்பினர் இல்லை. ஆனால், அந்த ஆட்சியின் மோட்டார் படைப்பிரிவில் உறுப்பினராக இருந்தார். அவருடைய வெற்றிகள் ஒவ்வொன்றையும் ஆட்சி தன் பெருமையாகக் காட்டிக்கொண்டது.

1926-ல் அவரோடு சேர்ந்து ஆவுஸில் களமிறங்கிய ரோசன்பெர்கர் என்ன ஆனார்? அவர் யூதர். 1931-ல் போர்ஷே நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1935-ல் கைது செய்யப்பட்டு கிஸ்லாவ் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். வெளியே வந்த பிறகு நாட்டை விட்டே போய், பிற்காலத்தில் அமெரிக்காவில் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தார். அதே 1935-ல்தான் கராச்சியோலா தன் முதல் ஐரோப்பியப் பட்டத்தை வென்றார். ஒரே மழையில் ஒரே கம்பெனி காரை ஓட்டிய இரண்டு பேருக்கு அந்த நாடு கொடுத்த வாழ்க்கை இவ்வளவு வித்தியாசமாக இருந்தது.

கராச்சியோலா போர்க்காலத்தை சுவிட்சர்லாந்தின் லுகானோவில், 1937-ல் மணந்த இரண்டாவது மனைவி ஆலிஸுடன் கழித்தார். போருக்குப் பிறகு சுவிஸ் குடியுரிமை பெற்றார்.

கடைசி சுற்றுகள்

1946-ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்துக்குப் போனார். பயிற்சியின்போது ஏதோ ஒன்று முகத்தில் வந்து அடித்தது. பறவையாக இருக்கலாம் என்கிறார்கள். கட்டுப்பாட்டை இழந்த காரிலிருந்து தூக்கி எறியப்பட்டு, பல நாட்கள் நினைவில்லாமல் கிடந்தார். துணித் தொப்பியோடு ஓட்டிப் பழகியவர் அங்கே விதிமுறைக்காக கெட்டியான ஹெல்மெட் அணிந்திருந்தார். உயிர் பிழைத்ததற்கு அதுவே காரணம் என்று கருதப்படுகிறது.

1952-ல் மறுபடியும் மெர்சிடிஸ். புதிய 300 எஸ்.எல். காரில் மில்லே மிலியாவில் நான்காவது இடம். வயது 51. அடுத்து பெர்னில் நடந்த பந்தயத்தில் பிரேக் இறுகிப் பிடித்துக்கொள்ள, கார் மரத்தில் மோதியது. இந்த முறை உடைந்தது இடது கால். பந்தய வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

அதன் பிறகு என்ன வேலை? டிரெஸ்டனில் ஆரம்பித்த அதே வேலைதான், மெர்சிடிஸ் கார் விற்பனை. ஐரோப்பாவில் இருந்த நேட்டோ படைவீரர்களைச் சந்தித்து கார் விற்றார். 1959 செப்டம்பர் 28-ல் கல்லீரல் நோயால் காசல் நகரில் இறந்தார். வயது 58. லுகானோவில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கோப்பைகளை மனைவி ஆலிஸ், இண்டியானாபோலிஸ் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். நூர்பர்க்ரிங்கின் புகழ்பெற்ற கிண்ண வடிவ வளைவு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்றைய டிரைவருக்கு இதில் என்ன இருக்கிறது?

இப்போதைய கார்களில் ஏ.பி.எஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாம் இருக்கின்றன. பின்சக்கரம் சுழல ஆரம்பித்தால் கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடும். ஆனால், டயருக்கும் சாலைக்கும் நடுவே இல்லாத பிடிமானத்தை எந்த கம்ப்யூட்டராலும் உருவாக்க முடியாது. அந்த விதி 1926-லும் இப்போதும் ஒன்றுதான்.

* வளைவுக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக் வேண்டாம்.

* வளைவை விட்டு வெளியே வந்து ஸ்டீயரிங் நேராகத் தொடங்கிய பிறகே ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். மேனுவல் கியர் என்றால் வழக்கத்தைவிட ஒரு கியர் மேலே வைத்து ஓட்டினால் சக்தி மென்மையாக இறங்கும்.

* ஈரச் சாலையில் திடீரென்று கீழ் கியருக்கு மாற்றாதீர்கள். இன்ஜின் இழுவையே பின்சக்கரங்களை வழுக்க வைத்துவிடும்.

* பின்பக்கம் இழுத்தால், அது இழுக்கும் திசையிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். கண் போக வேண்டிய பாதையில் இருக்கட்டும். ஆக்ஸிலரேட்டரை மெதுவாகத் தளர்த்துங்கள், சட்டென்று விடாதீர்கள்.

* தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்க ஆரம்பித்தால் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். அப்போது பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறையும்வரை காத்திருங்கள்.

* நீண்ட நாள் கழித்துப் பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்களில் கூடுதல் கவனம் தேவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து வழுக்கும்.

* டயரின் பள்ளங்கள் தேய்ந்திருந்தால் தண்ணீர் வெளியேற வழியே இல்லை. எவ்வளவு விலையுயர்ந்த காராக இருந்தாலும் டயரை முதலில் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. மழையில் ஓட்டுவதில் உலகிலேயே சிறந்தவர் என்று பேரெடுத்த மனிதர், ஸ்பாவில் ஒரு நாள் காரை ஓரங்கட்டிவிட்டு நடந்து போனார். அடுத்த மாதம் ஜெயிப்பதற்கு அவர் உயிரோடு இருந்தார்.